டோக்கியோ உவெனோ பூங்காவை வயதான பெற்றோருடன் ஒரே நாளில் அலுப்பில்லாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

நவம்பரில் அப்பா அம்மா வருகிறார்கள், அப்பாவுக்கு முழங்கால் வலி, மியூசியமும் பார்க்க வேண்டும், ஆனால் ஓட்டமாக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டோக்கியோவில் இருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் உவெனோவுக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரே ஒரு மியூசியம் போதும். இரண்டாவதை மனதால்கூட நினைக்காதீர்கள்.

அங்கே போனால் ஆசை வரத்தான் செய்யும். தேசிய அருங்காட்சியகம், மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். வரைபடத்தில் பார்த்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கும். தேசிய அருங்காட்சியகத்திடம் மட்டும் சுமார் 1,20,000 பொருட்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் 3,000 போலத்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்த 3,000ஐயே நின்று பார்க்க யாருக்குக் கால் இருக்கிறது?

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், மியூசியங்கள் விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். சனி, ஞாயிறு கூட்டம். எனவே புதன் அல்லது வியாழன்.

ரயிலில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) உவெனோ நிலையத்தில் இறங்கி, 'பூங்கா வாசல்' என்று போட்டிருக்கும் வழியாக வெளியே வாருங்கள். லிஃப்ட் இருக்கிறது, வெளியே வந்தால் சாலையைக் கடக்காமல் நேராகப் பூங்காவுக்குள் கால் வைக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே மெட்ரோவை விட்டுவிட்டு ஜேஆரில் வரச் சொல்வேன். மற்ற வாசல்களில் வந்தால் மேட்டில் ஏற வேண்டும், அப்பாவின் முழங்கால் அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். உள்ளே போக வேண்டாம், முன்முற்றத்தில் மட்டும் நில்லுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் 'சிந்தனையாளர்' சிலையும் 'நரக வாசல்' சிற்பமும் வெளியிலேயே இருக்கின்றன, காசு கிடையாது. கட்டடத்தை வடிவமைத்தவர் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர், 1959இல் கட்டி முடித்தார்கள். சண்டிகரை வடிவமைத்த அதே ஆள்தான். 2016இல் யுனெஸ்கோ அவருடைய கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சண்டிகரின் கேப்பிட்டல் வளாகமும் (சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் இருக்கும் இடம்) ஒன்றாகவே இடம்பெற்றன. அப்பா சிவில் இன்ஜினியராக இருந்தால் அரை மணி நேரம் இங்கேயே போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேசிய அருங்காட்சியகம். காலை 9.30க்குத் திறக்கும். நான் அழைத்துப்போனபோதெல்லாம் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். கட்டண விவரத்தைப் போகுமுன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுப்பார்கள். "நான் என்ன நோயாளியா?" என்று அப்பா முதலில் முறைப்பார். இரண்டாவது கூடத்தில் அவரே உட்கார்ந்துகொள்வார்.

உள்ளேயும் எல்லாக் கட்டடமும் வேண்டாம். பிரதானக் கட்டடத்தின் மேல்தளம் (பலகையில் 2F), அதோடு ஹோர்யூஜி பொக்கிஷக் கூடம், இரண்டு போதும். ஹோர்யூஜி கூடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதுதான். நாரா பகுதியிலுள்ள ஹோர்யூஜி கோயில் 1878இல் அரச குடும்பத்துக்குக் கொடுத்த 300க்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே இருக்கின்றன. இருட்டான அறையில் ஒரு முழம்கூட இல்லாத பொன் முலாம் பூசிய வெண்கலச் சிலைகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில். நம்மூர் உற்சவர் சிலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் விரல்களையும் உடையின் மடிப்பையும் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

கால் வலித்தால் பிரதானக் கட்டடத்தின் பின்பக்கம் ஓய்வறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே தோட்டத்தைப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கையில் எடுத்துப்போங்கள். சுத்த சைவமென்றால் பூங்காவில் எதுவும் நம்பகமில்லை; காய்கறி போட்ட உடோன் நூடுல்ஸிலும் மீன் சாறு கலந்திருக்கும். எலுமிச்சைச் சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு நீரூற்றுச் சதுக்கத்தில் பெஞ்சைப் பிடித்துவிடுங்கள். அங்கே காகங்கள் நம்மூர்க் காகத்தைவிடப் பெரியவை, துணிச்சலும் அதிகம். அம்மா ஒரு கவளம் வைக்கப் பார்ப்பார். பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று பலகை இருக்கிறது, தடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டி தேடினாலும் அகப்படாது, ஒரு கவர் கொண்டுபோங்கள்.

சாப்பிட்டபின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்ல ஒரு கதை. 1868 உள்நாட்டுப் போரில் இங்கிருந்த கனெய்ஜி கோயில் பெரும்பாலும் எரிந்துபோனது. அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் கட்ட நினைத்த அரசிடம், பூங்காவாக விடுங்கள் என்று எடுத்துச் சொன்னவர் பௌதுவின் என்ற டச்சு மருத்துவர். 1873இல் பூங்கா ஆனது. நன்றிக்காக 1973இல் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள். வைத்தது அவருடைய தம்பியின் முகம்! புகைப்படம் மாறிப்போய்விட்டது. 2006இல்தான் சரியான முகத்தோடு புதிய சிலை வந்தது.

மூன்று மணிக்கு மேல் ஷினோபாசு குளத்துப் பக்கம் இறங்குங்கள். நவம்பர் கடைசியில் நாலரைக்கே இருட்டிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். குளத்தை கடைசிக்கு வைக்கச் சொல்வது இறக்கம் என்பதால். மறுபடி மேடு ஏற வேண்டியதில்லை. தாமரை பூப்பது ஜூலை, ஆகஸ்டில், உங்களுக்குக் காய்ந்த தண்டுகள்தான் கிடைக்கும். பரவாயில்லை, குளிர்காலத்துக்கு வரும் வாத்துகள் இருக்கும். குளத்தின் நடுவிலுள்ள கோயில் பென்சைதென் என்ற தெய்வத்துக்கு. நம் சரஸ்வதிதான் பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்திருக்கிறாள், வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியம். ஆனால் இந்தக் கோயிலில் எட்டுக் கை வடிவம். 1945 குண்டுவீச்சில் அழிந்து 1958இல் திரும்பக் கட்டப்பட்டது. வெளியே சுற்றிலும் நினைவுக்கற்கள்: சமையல் கத்திக்கு ஒன்று, ஃபுகு மீனுக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக்குக்கூட ஒன்று. என் மாமியார் கண்ணாடிக் கல்லின் முன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கும்பிட்டார்.

அங்கிருந்து தெற்கே சமதளத்தில் மெதுவாக நடந்தால் ஒகாச்சிமாச்சி. இந்திய நகை, ரத்தின வியாபாரிகள் நிறையப் பேர் அங்கே இருப்பதால் சைவச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை, தோசையும் கிடைக்கும். திரும்ப யமனோதே ரயிலை ஒகாச்சிமாச்சியிலேயே பிடித்துக்கொள்ளலாம். ஐந்தரை மணிக்குள் ஏறிவிட்டால் அலுவலகக் கூட்டத்தில் மாட்டாமல் அவர்களுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு.