தெங்குமரஹாடாவும் 15 லட்சமும் – கடிதம், பதில்

வணக்கம் சார்,

நீலகிரி மாவட்டத்தில், மாயாற்றங்கரைக் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடா என்ற ஊரைப் பற்றி யூடியூப்பில் நிறைய வீடியோக்கள் வருகின்றன. பரிசலில் ஆற்றைக் கடக்கிறார்கள், அந்தப் பக்கம் பச்சை வயல், பின்னால் மலை. போன வாரம் நண்பர்களோடு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. புலிகள் காப்பகத்துக்காக ஊரைக் காலி செய்யச் சொல்லி, குடும்பத்துக்கு 15 லட்சம் தருகிறோம், வெளியே வாருங்கள் என்கிறார்கள். அங்கே பலருக்கும் வெளியே வரத்தான் விருப்பமாம். அப்புறம் ஏன் உங்களைப் போன்றவர்கள் அதைக் குறை சொல்லி எழுதுகிறீர்கள்? காட்டை ஆக்கிரமித்தவர்களுக்குக் காசும் கொடுத்து அனுப்புவது நல்ல ஏற்பாடுதானே? அங்கேயே இருக்கட்டும் என்றால் ஒரு பாலமாவது கட்டிக்கொடுத்திருக்கலாம். நாங்கள் நான்கைந்து பேர் பைக்கில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்கிரமிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடலாம், ஏனென்றால் மற்ற கேள்விகளெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. தெங்குமரஹாடா யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மரத்தை வெட்டிக் குடிசை போட்ட ஊர் கிடையாது. 1940களில் நாடு முழுக்க அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன், வங்கத்தில் பஞ்சம். 'அதிக உணவு விளைவிப்போம்' என்று அரசே இயக்கம் நடத்திய காலம். அந்தச் சமயத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வனத்துறை நிலத்தைக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்து, நெல் விளைவியுங்கள் என்றது அரசாங்கம். பின்னால் அந்தக் குத்தகை நிலம் பெருகி ஏறக்குறைய 500 ஏக்கர் ஆனது. கோத்தகிரிப் பக்கத்து மலையூர்களிலிருந்து படகர்கள் இறங்கி வந்தார்கள், சமவெளியிலிருந்து பட்டியல் சாதியினர் உட்படப் பல சமூகத்தார் வந்தார்கள், ஏற்கெனவே அந்தக் காட்டில் இருந்த இருளர்களும் சேர்ந்தார்கள். யானை, மலைக்காய்ச்சல் இரண்டுக்கும் நடுவில் அந்த மண்ணைத் திருத்தி நெல்லும் வாழையும் மஞ்சளும் மிளகாயும் எடுத்தவர்கள் இவர்கள். கூப்பிட்டது அரசாங்கம். 75 வருஷம் கழித்து அந்தப் பேரப்பிள்ளைகளை ஆக்கிரமிப்பாளர் என்று நாம் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் கையில் பட்டா கிடையாது. குத்தகை சங்கத்தின் பேரில், நிலம் வனத்துறையுடையது. உழுகிறவர் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது, விற்க முடியாது, மகளுக்கு எழுதி வைக்க முடியாது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு நிலத்தைக் காடல்லாத வேறு எதற்குப் பயன்படுத்துவதென்றாலும் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. சரி, 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பழங்குடிகளாக இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே இருந்து, காட்டை நம்பி வாழ்ந்தால் போதும். மற்ற சாதியினர் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1930 வாக்கிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும். 1940களில் அரசு அழைத்து வந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்குச் சட்டம் உரிமை தருகிறது, அடுத்த வீட்டுக்குத் தருவதில்லை. 'அந்த மக்கள்' என்று மொத்தமாகப் பேசும்போது இது மறைந்துபோகிறது.

இப்போது 15 லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் 495 குடும்பங்களை இடமாற்ற 74.25 கோடி ரூபாய் தரும்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. குடும்பத்துக்கு 15 லட்சம் என்பது அந்தக் கணக்குதான். வெளியே வர விருப்பமுள்ளவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. விளைந்ததை யானையும் பன்றியும் தின்றுவிட்டுப் போகும் ஊரில், பிரசவ வலி வந்தால் ஆறு வற்றியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் ஊரில் இருப்பவர்களுக்கு அந்த விருப்பம் வராமல் இருந்தால்தான் அதிசயம். அவர்களை இருந்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு எந்த அருகதையும் இல்லை.

என் கவலை தொகையிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறது. மொத்தமாகப் பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது மறுகுடியமர்வுக்குச் சம்மதிக்கலாம். அப்படிச் சம்மதித்தால் நிலம், வீடு, ஊருக்கான வசதி எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். நீங்கள் கோபிக்காரர். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு ஏக்கர் வயல் இன்றைக்கு என்ன விலை போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு விவசாயி மறுபடி விவசாயியாக முடியுமா? முடியாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனியோ, சத்தியமங்கலத்தில் கூலி வேலையோதான். இளைஞர்களுக்கு அது சரிப்படலாம். அறுபது வயதுக்காரர் என்ன செய்வார்?

அப்புறம் யாரும் அதிகம் பேசாத ஒன்று. தெங்குமரஹாடாவைச் சுற்றி அல்லிமாயாறு, கல்லாம்பாளையம் போன்ற இருளர் ஊர்கள் இருக்கின்றன. பஸ் ஓடுவதும், பள்ளிக்கூடம் நடப்பதும், சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருப்பதும் தெங்குமரஹாடாவில் அத்தனை குடும்பங்கள் இருப்பதால்தான். அந்தப் பண்ணை நிலத்தில் கூலிக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. பெரிய ஊர் எழுந்து போய்விட்டால், போக விரும்பாத சின்ன ஊர்களுக்கு எந்த பஸ் வரும்? புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலிருந்து ஒரு ஊரை மாற்றுவதாக இருந்தால்கூட, உரிமைகளை முதலில் அங்கீகரித்து, கிராம சபையின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்கிறது சட்டம். போகிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, மிஞ்சி நிற்பவர்களிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பாலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் போனபோது பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. இறங்கினவர்கள் உர மூட்டை, அரிசி, ஒரு பெட்டிக் கோழிக்குஞ்சு, எல்லாவற்றையும் பரிசலில் ஏற்றினார்கள். ஒரு ஸ்கூட்டரையும் படுக்க வைத்தார்கள். ஒரு அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பரிசலின் விளிம்பைப் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. மேலே நீலகிரியில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் இங்கே ஆறு ஏறிவிடும். தாலுகா ஆபீஸ் கோத்தகிரியில். அங்கே போக ஈரோடு மாவட்டத்துக்குள் வந்து, கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் வழியாக மறுபடி மலை ஏற வேண்டும். ஒரு சாதிச் சான்றிதழுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

பாலம் வந்தால் வண்டிகள் வரும், ரிசார்ட் வரும், யானை நடக்கிற வழி போய்விடும் என்பது வனத்துறையின் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, மசினகுடிப் பக்கம் என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். ஆனால் கார் போகாத, ஆள் மட்டும் நடக்கிற ஒரு தொங்குபாலம் யானையை என்ன செய்துவிடும்? மாற்றப்போகிற ஊருக்குப் பாலம் எதற்கு என்று சொல்லிக்கொண்டே பல வருஷம் ஓட்டியாகிவிட்டது. அந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளெல்லாம் பரிசலில்தான் போனார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு.

ஊரைக் காலி செய்தால் தானாகக் காடு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கின் தரையைச் சீமைக் கருவேலம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டு வருகிறது. கைவிட்ட வயலில் முதலில் வருவது அதுதான். ஆற்றோர நீர்மருதுகளில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) தென்னிந்தியாவில் பிழைத்திருக்கும் இடங்களில் மாயாறு முக்கியமானது. அவற்றுக்காகவும் புலிக்காகவும் மனிதர்கள் ஒதுங்க வேண்டும் என்றால், ஒதுங்கிய பிறகு அந்த 500 ஏக்கரை யார், எந்தப் பணத்தில், எத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதற்கும் பதில் எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, பைக் பயணம். பவானிசாகர் தாண்டி காராச்சிக்கொரை சோதனைச்சாவடிக்கு அப்பால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் காட்டுப் பாதை. வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போகக் கூடாது, யானைகள் நிறைய. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். அந்த மக்களிடம் பேச வேண்டும் என்றால், அவர்களே சாமான் வாங்கவும் விளைச்சலை விற்கவும் பவானிசாகருக்கும் சத்திக்கும் வருகிறார்கள். அங்கே விசாரித்தால் நிச்சயம் யாராவது கிடைப்பார்கள். பேசிவிட்டு மறுபடி எழுதுங்கள், அவர்கள் சொன்னதை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.