தொண்டைக்குப் போட்ட மாத்திரை இதயத்தைத் தொடுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி இரண்டு வருடமாகத் துடிப்பைச் சீராக்க அமியோடரோனும், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமும் சாப்பிடுகிறேன். போன வாரம் தொண்டை வலி, லேசான காய்ச்சல். தெருமுனை மெடிக்கலில் கேட்டதும் அசித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை அட்டையைக் கொடுத்தார்கள். இரண்டு போட்ட பிறகு என் மகன் ஃபோனில் எதையோ படித்துவிட்டு "இது ஹார்ட்டை நிறுத்திடும்மா" என்கிறான். மூன்றாவதைப் போடலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, இதைக் கடிதத்தில் கேட்டிருக்கவே கூடாது, அன்றைக்கே உங்கள் இதய மருத்துவருக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மூன்றாவது மாத்திரையின் கதை முடிந்திருக்கும். என்னிடம் நேரில் கேட்டிருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள், இன்றே ஒரு ஈசிஜி எடுங்கள், மருத்துவர் சொன்ன பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் மகன் சொன்னது முழுக்கப் பொய்யில்லை, ஆனால் கொஞ்சம் ஊதிப் பெருக்கியது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காகத் தன் மின்னோட்டத்தைச் சரிசெய்துகொள்ளும்; ஈசிஜியில் அதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் இடைவெளிக்கு க்யூடி என்று பெயர். நாடித் துடிப்புக்கு ஏற்பக் கணக்கிட்ட அளவு பெண்களுக்கு 460 மில்லி செகண்டுக்குள் இருந்தால் கவலையில்லை, 500-ஐத் தாண்டினால் இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடி ஆளை மயங்கி விழவைக்கலாம், அரிதாக உயிரையும் வாங்கலாம். அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் இந்த இடைவெளியை நீட்டும், லெவோஃபிளாக்சசின், மாக்ஸிஃபிளாக்சசின் வகையும் நீட்டும். நீங்கள் தினமும் போடும் அமியோடரோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆக உங்கள் விஷயத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது.

எவ்வளவு ஆபத்து? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், அமாக்ஸிசிலின் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், அசித்ரோமைசினை 10 லட்சம் முறை கொடுத்தபோது இதயம் தொடர்பான இறப்பு 47 கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே இதய ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களிடம் அது 245. அடுத்த ஆண்டே அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. எல்லோரும் பயந்து ஓட வேண்டிய எண்ணிக்கை இல்லை, ஆனால் உங்களைப் போன்றவர்கள் கேட்காமல் வாங்கிப் போடக்கூடிய மாத்திரையும் இல்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது அசிட்ரோம். பல ஆன்டிபயாடிக்குகள் அதன் வேகத்தைக் கூட்டிவிடும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எகிறி ஈறில் ரத்தம், கருப்பாக மலம் என்று ஆரம்பிக்கும். மெட்ரோனிடசோலும் கோட்ரிமாக்ஸசோலும் இதில் படு மோசம், அசித்ரோமைசினுக்கும் பங்கு உண்டு. எந்த ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள். அப்புறம், நம் ஊரில் ஆன்டிபயாடிக் என்றால் "வயிற்றுக்கு" என்று கூடவே ஒரு மாத்திரை வரும், அதில் பெரும்பாலும் டாம்பெரிடோன் கலந்திருக்கும். அதுவும் க்யூடியை நீட்டும் மருந்துதான்!

படபடப்பு கூடினால், கண் இருட்டினால், மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை முடிந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள், அசித்ரோமைசின் உடம்பை விட்டுப் போகப் பல நாளாகும். இவ்வளவுக்கும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் தேவையே இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பிறவியிலேயே லாங் க்யூடி, அதாவது க்யூடி இடைவெளி நீண்டிருக்கும் கோளாறு. மழைக்காலம் வந்தாலே காய்ச்சல் வருகிறது. எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவே கூடாதா?
- வாசகர், திருப்பாப்புலியூர், கடலூர்

பதில்: அப்படி இல்லை. அமாக்ஸிசிலின், செஃபலெக்சின், எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் இவற்றால் க்யூடி பிரச்சினை வருவதில்லை. நிமோனியா மாதிரி ஒன்று வந்து பயத்தில் மருந்தே போடாமல் விட்டால் அதுதான் பெரிய ஆபத்து. நான் அதிகம் பயப்படுவது வயிற்றுப்போக்குக்கு. பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும் நேரத்தில், க்யூடியை நீட்டும் சிப்ரோஃபிளாக்சசினையும், வாந்திக்கு அதேபோல் நீட்டும் ஆன்டன்செட்ரானையும் சேர்த்து எழுதிவிடுவார்கள், எழுதுபவருக்குப் பையனின் இதயத்தைப் பற்றித் தெரிந்திருக்காது. வாய் திறந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளத்தில் லாங் க்யூடி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது, அதை அச்செடுத்து அவன் பர்ஸில் வையுங்கள். இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் காய்ச்சல் நாளிலும் அதை அவனாக நிறுத்தக் கூடாது, வாந்தியில் வெளியே வந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் போட வேண்டுமா?
- வாசகி, வில்லியனூர்

பதில்: பேஸ்மேக்கருக்காக மட்டும் என்றால் வேண்டாம். செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உட்சுவரில் கிருமித்தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் பல் எடுப்பதற்கு முன் அந்த ஒரு வேளை மருந்து. சிலர் வால்வையும் பேஸ்மேக்கரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள், எதற்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள்.