டோர் பேட் உப்பிவிட்டது: தோல் போடலாமா, ரெடிமேட் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1969ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் இருக்கிறது. இரண்டு கதவுகளிலும் டோர் பேடின் (கதவின் உள்பக்கத்தை மூடும் பலகை) ரெக்சின் கீழ்ப்பகுதியில் உப்பி, ஓரம் பிரிந்து தொங்குகிறது. பக்கத்துத் தெரு ட்ரிம்மர் (கார் சீட், உள் உறை தைப்பவர்) அசல் தோல் போட்டுத் தர 480 பவுண்டு கேட்கிறார். இணையத்தில் ரெடிமேட் ரெக்சின் ஜோடி அதில் பாதி விலைகூட இல்லை. எதை வாங்குவது?
- வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் பழைய டோர் பேடைக் கழற்றி, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் கறுத்து, விரலால் அழுத்தினால் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறதா? அப்படியென்றால் கெட்டுப்போனது ரெக்சின் இல்லை, அதற்குள் இருக்கும் ஹார்ட்போர்டு அட்டை.

மழைத் தண்ணீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். துளைகளை மண்ணும் துருவும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவுத் தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு பாலிதீன் ஷீட் இருக்க வேண்டும். ஐம்பது வருடத்தில் எந்த மெக்கானிக் அதைக் கிழித்துப் போட்டாரோ, பல கார்களில் இருப்பதே இல்லை. துளைகளின் அடைப்பைக் குத்தி எடுத்துவிட்டு, கண்ணாடி ஓர ரப்பரை மாற்றி, கெட்டியான பாலிதீனைச் சுற்றிலும் ஒட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். இதைச் செய்யாமல் 480 பவுண்டுக்குத் தோல் போட்டால் அந்தத் தோலும் உப்பும்.

சரி, அப்புறம் எதை வாங்குவது? சீட் ரெக்சினாக இருந்தால் கதவுக்கு மட்டும் தோல் வேண்டாம். பார்க்கவும் ஒட்டாது, காரின் அசல் தோற்றமும் போகும். என் ஓட்டு ரெடிமேடுக்குத்தான். ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, சீட்டின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பிலேயே சொரசொரப்பு வேறுபடும். சிவப்பு, பழுப்பு என்றால் வெயிலில் வெளுத்த சீட்டோடு புதுசு சேர்வது கஷ்டம். சேரவில்லை என்றால் அப்போது ட்ரிம்மரிடம் போகலாம், ரெக்சின் வேலைக்கு.

ட்ரிம்மரிடம் போனால் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். அட்டை பழைய கனத்திலேயே இருக்கட்டும். 'ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று கனமான பிளைவுட் போட்டால், அட்டையைக் கதவில் மாட்டும் கிளிப் துளைக்குள் பிடிக்காது, கைப்பிடியும் முழுதாக உட்காராது. பசை சூடு தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். மூடிய கார் வெயிலில் நிற்கும்போது சாதாரணப் பசை இளகி, மடித்த ஓரம் திறந்துகொள்ளும். ஸ்டேப்ளர் பின் அடித்தால் அது அட்டையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் அட்டையில் 6 மில்லிமீட்டர் பின் அடித்து, முனை ரெக்சினைத் துளைத்து வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுக்கும் விதமும் முக்கியம். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள், காரணமே சொல்லாமல் 'வேண்டாம்' என்று சொல்லலாம். உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததற்கு அந்த உரிமை கிடையாது. குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு: 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. ட்ரிம்மர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்றால் திரும்பச் செய்யச் சொல்லவும் அதே சட்டம் உதவும். அதனால் 'ரெக்சின், சூடு தாங்கும் பசை, இத்தனை பவுண்டு' என்று எழுதி வாங்குங்கள். பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டினால் முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கலாம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில் ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். அதன் பின்னால் உள்ள வட்டத் தகட்டை அட்டையோடு சேர்த்து உள்ளே அழுத்தினால், கைப்பிடியின் கழுத்தில் குறுக்கே ஒரு சின்னப் பின் தெரியும். மெல்லிய கம்பியால் தள்ளினால் வந்துவிடும். சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஓட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்த கார்தானே. எங்கள் வீட்டு ஹெரால்டில் அந்தப் பின் தெறித்து சீட்டுக்கு அடியில் போய், அரை நாள் தேடினோம். கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு தள்ளுங்கள்.

பழைய அட்டையைத் தூக்கி எறிய யாரையும் விடாதீர்கள். எத்தனை உப்பியிருந்தாலும் கிளிப் துளைகளின் இடம் அதில்தான் இருக்கிறது. ஒரு கடையில் என்னுடையதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். புது அட்டையில் ஒவ்வொரு துளையையும் கண் அளவில் போட்டதில், கடைசி வரைக்கும் இரண்டு கிளிப் மாட்டவே இல்லை.