இரண்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் நின்றால் டிரான்ஸ்மிட்டரின் பவர் ஏன் கால் பங்காகிவிடுகிறது?

10 கிலோவாட் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரில் சேர்ந்து இயங்கும் இரண்டு 5 கிலோவாட் ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று நின்றதும், ஆண்டெனாவுக்கு 5 கிலோவாட் போகாமல் 2.5 கிலோவாட் மட்டும் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. மீதி 2.5 கிலோவாட், இரண்டு வெளியீடுகளையும் ஒன்றாக்கும் கம்பைனருடன் இணைந்துள்ள ரிஜெக்ட் லோடு என்ற மின்தடையில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறி வெளியே தள்ளும் காற்றின் சூடே அதைச் சொல்லிவிடும்.

நிகழ்ச்சி ஒலியை எஃப்.எம். சிக்னலாக்கும் எக்சைட்டரிலிருந்து வருவதை ஸ்பிளிட்டர் இரு சம பங்காக்கித் தருகிறது. பெருக்கப்பட்ட பின் அவற்றைக் கம்பைனர் சேர்க்கிறது. ஹைபிரிட் வகைக் கம்பைனரில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரின் 5 கிலோவாட்டும் ஆண்டெனா முனைக்குப் பாதி, ரிஜெக்ட் முனைக்குப் பாதி என்றே பிரிகிறது. இரண்டும் ஒரே அளவில், உரிய ஃபேஸில் (அலைச் சுழற்சியின் உரிய கட்டத்தில்) வரும்போது ஆண்டெனா முனையில் மின்னழுத்தங்கள் கூடி இருமடங்காகின்றன. பவர் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 2.5 கிலோவாட் நான்கு மடங்காகி 10 கிலோவாட் ஆகிறது. ரிஜெக்ட் முனையில் அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகின்றன. ஒன்று நின்றுவிட்டால் கூட்டவும் ஆளில்லை, கழிக்கவும் ஆளில்லை. இரு முனைகளிலும் 2.5 கிலோவாட் வீதம் நிற்கிறது.

இது வீணடிப்பாகத் தோன்றினாலும், பாதுகாப்பே இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. இரண்டு வெளியீடுகளையும் நேரடியாக ஒரே கம்பியில் இணைத்திருந்தால், நின்றுபோன ஆம்ப்ளிஃபயர் உயிரோடிருப்பதன் லோடை, அதாவது அது பவர் கொடுக்கும் சுமையைக் கலைத்து, அதையும் சேர்த்து எரித்திருக்கக்கூடும். ஹைபிரிட் இருப்பதால் மற்றது தொடர்ந்து 50 ஓம் லோடையே பார்க்கிறது. எட்டு மாடியூல்களை (சிறு ஆம்ப்ளிஃபயர் அலகுகளை) இதே முறையில் சேர்த்த டிரான்ஸ்மிட்டரில் ஒன்று நின்றால் எட்டில் ஏழின் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 77 சதவீதப் பவர் எஞ்சும். பல சிறிய மாடியூல்களாகக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிஜெக்ட் பவர் அளவீட்டைப் பலர் கவனிப்பதில்லை. என் கருத்தில் ஆண்டெனாவை நோக்கிப் போகும் ஃபார்வர்டு பவரைவிட அதிகம் பேசுவது அதுதான். 100 மெகாஹெர்ட்சில், திட பாலிஎதிலீன் காப்பு கொண்ட கேபிளில் ஓர் அலைநீளம் சுமார் 2 மீட்டர். ஆகவே ஒரு பக்கத்துக் கேபிளை மாற்றும்போது நீளம் 17 சென்டிமீட்டர் கூடிவிட்டால் ஃபேஸ் 30 டிகிரி விலகி, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் நன்றாக இயங்கும்போதே 670 வாட் அளவுக்கு ரிஜெக்ட் லோடுக்குப் போய்விடும்.

ஆனால் ஆண்டெனா பக்கத்துக் கோளாறிலிருந்து கம்பைனர் காப்பாற்றாது. அதற்காகவே வெளியீட்டில் டைரக்‌ஷனல் கப்ளர் இருக்கிறது. 50 டெசிபல் கப்ளர் என்றால் லட்சத்தில் ஒரு பங்கை, 10 கிலோவாட்டுக்கு 0.1 வாட்டை மட்டும் எடுத்து, போகும் பவரையும் திரும்பும் பவரையும் தனித்தனியே காட்டும். ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லும் வி.எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5 எனில் 4 சதவீதமும், 2 எனில் 11 சதவீதமும் திரும்பி வருகிறது. கப்ளரின் டைரக்டிவிட்டி (இரு திசைப் பவரையும் பிரித்தறியும் திறன்) 30 டெசிபல் என்றால், ஆண்டெனா முழுமையாகப் பொருந்தியிருந்தாலும் திரும்பும் பவர் என 10 வாட் வரை பொய்யாகக் காட்டக்கூடும். அதைக் கண்டு கோபுரத்தில் ஆள் ஏற்ற வேண்டாம். மழைக்காலத்தில் அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் ஆண்டெனாவுக்குப் போகும் ஃபீடர் கேபிளுக்குள் ஈரம் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும் பவர் வரம்பை மெல்லத் தாண்டினால் ஃபோல்ட்பேக் என்ற தற்காப்பு ஏற்பாடு வெளியீட்டைக் குறைக்கும். திடீரென எகிறினால் மென்பொருளுக்குக் காத்திராமல் தனி மின்சுற்று ஆர்.எஃப். பவரை (ரேடியோ அலைவெளியீட்டை) நிறுத்திவிடும்.

உங்கள் டிரான்ஸ்மிட்டரில் யூ-லிங்க் பேனல் (இணைப்புகளைக் கையால் மாற்றிப் பொருத்தும் பலகை) இருந்தால், ஆர்.எஃப். பவரை முற்றிலும் நிறுத்திய பிறகு கம்பைனரை விலக்கி, நல்ல ஆம்ப்ளிஃபயரை நேராக ஆண்டெனாவுடன் இணையுங்கள். அப்போது 5 கிலோவாட்டும் முழுமையாகப் போகும். நின்றுபோனதை, ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை ஏற்கும் மின்தடையான டம்மி லோடில் வைத்துச் சோதிக்கலாம்.