ராஜினாமா கடிதம் பைக்குள்ளேயே இருக்கட்டும்

கேள்வி: அந்தேரியில் 200 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குழந்தைக்குப் பதினோரு மாதம். மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ளும் மாவுஷி (பணிப்பெண்) எப்போது நின்றுவிடுவாரோ என்று பயம். வார்டுதோறும் குழந்தைகள் காப்பகம், அப்பாக்களுக்கும் சம்பளத்துடன் விடுப்பு, முதியோரை வீட்டில் பராமரிப்பவருக்கு மாதப் படி என்று எங்கள் எம்.பி. பிரசாரத்தில் வாக்குக் கொடுத்தார். ஜெயித்தும்விட்டார். “படி வரப்போகிறது, நீ வேலையை விட்டுவிடு” என்கிறார் கணவர். விடலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: விடாதீர்கள்.

உங்கள் எம்.பி. பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதில் காப்பகத்துக்குக் கட்டடம் எழுப்பலாம், ஆயாவுக்குச் சம்பளம் போட முடியாது. அப்பா விடுப்புக்குச் சட்டம் வேண்டும். ஹிங்கோலி எம்.பி.யாக இருந்த ராஜீவ் சாதவ் 2017இல் அதற்கு மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. அமைச்சரல்லாத உறுப்பினரின் மசோதா நாடாளுமன்றத்தில் கடைசியாக நிறைவேறியது 1970இல்!

படிக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறது. பராமரிக்கும் மருமகளுக்கு ஒரு ரூபாய் தரச் சொல்லவில்லை. எழுபது வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் தரும் 5 லட்சமும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான்.

எனக்கு இதில் பழைய ஆதங்கம் ஒன்று உண்டு. 1928இல், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றார். மறு ஆண்டே சட்டம் வந்தது. செலவு முதலாளி தலையில் விழுந்தது. இன்றும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இல்லாத பெண்ணின் 26 வாரச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும். நேர்காணலில் “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று ஏன் துருவுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எம்.பி.யைப் பார்க்க நேர்ந்தால், யார் பணத்தில் என்று கேளுங்கள்.

அதுவரை கையில் இருப்பதைப் பார்ப்போம். ஐம்பது பேர் வேலை செய்தாலே நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு உதவிச் சட்டத்தின் 2017 திருத்தமே சொல்லிவிட்டது. உங்கள் அலுவலகத்தில் 200 பேர்! கேட்டே பார்க்கவில்லையா? எழுத்தில் கேளுங்கள், தனியாளாக வேண்டாம். கைக்குழந்தைக்காரர்கள் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். மின்சார ரயில் நெரிசலில் குழந்தையை அந்தேரி வரை தூக்கிப்போக முடியாதுதான். வீட்டருகே உள்ள காப்பகத்தின் கட்டணத்தை ஏற்க முடியுமா என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். படுத்திருப்பவர் அவருடைய அம்மா. உங்கள் கடிதத்தில் அவருடைய வேலை, விடுப்பு, சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே அது தோன்றவில்லை பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் துடைத்துவிட்டுத் துணி மாற்றுவதை மாவுஷியிடம் அவர் கற்றுக்கொள்ளட்டும். மாவுஷி திடீரென்று நின்றால் ஆள் அனுப்ப இரண்டு நர்ஸிங் பியூரோக்களை விசாரித்து, எண்களைச் சமையலறைக் காலண்டரில் அவரே எழுதி வைக்கட்டும்.