மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் ரத்த இழப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். ஹீமோகுளோபின் 10.4 தான். தேவைப்பட்டால் அன்றைக்கு ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரிதானா?

அப்படி விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தசோகையோடு ஆபரேஷனுக்குள் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் ரத்தம் ஏற்ற வேண்டி வருகிறது. எழுந்து நடமாடுவதும் தாமதமாகிறது. உங்கள் கையில் ஒரு மாதம் இருக்கிறது. உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையை இன்றே தொடங்கலாம். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, நாளும் போதாது என்றால் இரும்பு மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம்.

இன்னொன்று. இரும்புச்சத்து ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்காக வருடக்கணக்கில் சாப்பிட்ட வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, வெளியே தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுக்கும். அதற்கு முன்பே கறுப்பாகப் போனதா என்று அம்மாவிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் மனம் சோர வேண்டாம். இது அவசர ஆபரேஷன் இல்லை.

ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து கொடுப்பார்களாம். ரத்தத்தை உறைய வைத்தால் காலில் ரத்தக்கட்டி வராதா?

நியாயமான பயம்தான். ஆனால் அந்த மருந்து புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. காயத்தில் ஏற்கெனவே உறைந்தது சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கிறது. 1962-இல் ஜப்பானைச் சேர்ந்த ஒகமோட்டோ தம்பதி வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்கும் கொடுக்கிறோம். மூட்டு மாற்று சிகிச்சையில் இதனால் ரத்தம் ஏற்றும் தேவை நன்றாகக் குறைந்திருக்கிறது; ரத்தக்கட்டி கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் முன்பு ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, வலிப்பு வந்திருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தம் நீர்க்கும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது?

நீங்களாக நிறுத்தவே கூடாது. மருந்துக்கு மருந்து நாள் கணக்கு மாறும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரையும் கேட்டே ஆக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். கணுக்கால் வரை நீலமாகக் கன்றியிருக்கிறது. உள்ளே இன்னும் ரத்தம் கசிகிறதா?

பெரும்பாலும் இல்லை. மூட்டைச் சுற்றித் தசைக்குள் தேங்கிய ரத்தம் மெல்லக் கீழே இறங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். வீக்கம் சில மாதம்கூட இருக்கலாம். துணி சுற்றிய ஐஸ் பையைப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். படுக்கும்போது காலை உயர்த்துங்கள், ஆனால் தலையணை குதிகாலுக்குக் கீழே இருக்கட்டும். முட்டிக்குக் கீழே வைத்தால் இதமாகத்தான் இருக்கும். நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போய்விடும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், அப்புறம் வாக்கர் பிடித்து நாலு எட்டு நடங்கள்.

கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, வீக்கம் திடீரென ஏறினாலோ, காயத்தில் கசிவோ காய்ச்சலோ இருந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவு எத்தனை மணியானாலும்.