மனு எழுதத் தெரிந்த பிள்ளையைக் கோச்சிங்கில் அடைக்காதீர்கள்

விருதுநகர் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.காம். இறுதியாண்டு. அவளை ஐ.ஏ.எஸ். கோச்சிங்கில் சேர்த்தே ஆக வேண்டும் என்று தாய்மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு லட்சம் ஆகுமாம். நகையை வைத்துவிடலாமா என்று கேட்கிறார். மகளோ, அம்மாவின் சங்கத்துக்கு ஊதிய உயர்வு மனு எழுதிக்கொடுப்பது, பழைய அரசாணைகளைத் தேடி எடுப்பது என்று இருக்கிறாளாம். "இதெல்லாம் ஒரு படிப்பா சார்?"

நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். நகைப் பேச்சு வந்துவிட்டதால் நேராகவே சொல்கிறேன் அம்மா: வைக்காதீர்கள். 2024 குடிமைப் பணித் தேர்வுக்கு 9.9 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கடைசிப் பட்டியலில் வந்தவர்கள் 1,009 பேர். அவளுக்கே ஆசை இருந்தால் சென்னையில் அரசின் பயிற்சி மையம் இருக்கிறது, நான் முதல்வன் ஊக்கத்தொகை இருக்கிறது, தாராளமாக எழுதட்டும். ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த ஆசை மாமாவுடையதாகத்தான் இருக்கிறது. அவள் கலெக்டரானால் உங்கள் சம்பளப் பிரச்சினையும் தீரும் என்கிறாராம். எந்தக் கலெக்டராலும் உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்ட முடியாது.

அது முடிவாகிற இடம் வேறு. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசின் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000-லிருந்து 4,500 ஆனது. 2025 வரையிலும் அதே 4,500தான். நம் மாநிலம் சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதால் உங்கள் கைக்குக் கூடுதலாக வருகிறது, அவ்வளவே. அதே 2018-இல், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாக உயரும்படி நிதிச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அதன்படி 1 லட்சம் 1.24 லட்சமாகி, 2023 ஏப்ரல் முதல் கணக்கிடப்பட்டது. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, உங்களுக்கு நிர்வாக உத்தரவு மட்டும்தான் இருக்கிறது. சங்கம் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் காரியம் நகராததற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, மகளுக்கு வருகிறேன். சி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் 4 எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினரின் சட்ட உதவியாளர் வேலை. டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, லேம்ப் என்ற பெயரில் இதற்காகவே ஒரு ஃபெலோஷிப் நடத்துகிறது. எந்தப் பட்டமும் போதும், வயது 25-ஐத் தாண்டக் கூடாது. ஓர் எம்.பி.யிடம் சேர்த்துவிடுவார்கள். மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை அவருக்காக வேலை.

என்ன வேலை? உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மதிப்பூதியத்தை உயர்த்துவீர்களா என்று எம்.பி. நாடாளுமன்றத்தில் மொட்டையாகக் கேட்டால், அப்படி ஒரு திட்டம் பரிசீலனையில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கடைசியாக உயர்த்தியது எந்த ஆண்டு, மாநிலவாரியாகக் காலியிடம் எத்தனை, அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எத்தனை மாநிலங்கள் கொடுத்தன என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். மக்களவைக் கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்விகள் 20தான். மற்ற 230-க்கும் எழுத்தில் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துத்தான் மானியக் கோரிக்கை (துறைவாரிச் செலவு) விவாதத்துக்கும், துறையை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுவுக்கும் குறிப்பு தயாரிக்க வேண்டும்.

அமைச்சராக இல்லாத எம்.பி. தன் பெயரில் கொண்டுவருகிற தனிநபர் மசோதாவும் எழுதலாம். ஆனால் அரசுக் கருவூலத்தில் செலவு வைக்கிற மசோதா என்றால், குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அவை அதை நிறைவேற்ற முடியாது, அரசியலமைப்பின் 117-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. அப்புறம் எதற்கு எழுதுவது என்றால், அவைக் குறிப்பில் ஏறிவிடும், விவாதத்துக்கு எடுத்துக்கொண்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிவரும். எந்தக் கோரிக்கையை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்த ஆட்கள் நம் சங்கங்களில் ரொம்பக் குறைவு. கட்சி அலுவலகங்களிலும் அப்படித்தான் (இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்).

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். மாதம் இருபதாயிரத்தை ஒட்டி உதவித்தொகை கிடைக்கும். டெல்லியில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகப் போய்விடும். அந்த ஆண்டு வீட்டுக்குப் பணம் வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். இது நிரந்தர வேலையும் இல்லை, முடிந்தபின் அவளே அடுத்ததைத் தேட வேண்டும். ஆய்வு நிறுவனம், கட்சிகளின் ஆய்வுப் பிரிவு, பொதுக் கொள்கை மேற்படிப்பு என்று வழிகள் உண்டு. இந்தி தெரியாதது முதல் மாதம் உறுத்தும். அதைவிட முக்கியம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுவது. விண்ணப்பத்தில் பார்ப்பதே அவள் எழுத்தைத்தான். ஆகவே இந்த வாரமே சங்கத்தின் கடைசி மனுவை எடுத்து, 150 சொல்லுக்குள் ஒரு நாடாளுமன்றக் கேள்வியாக ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள். அலுப்பில்லாமல் நாலைந்து தடவை திருத்தி எழுதினால் விண்ணப்பிக்கட்டும். ஒரே தடவையில் சலித்துவிட்டால் இந்த யோசனையையும் விட்டுவிடலாம், என் பேச்சுக்காகவும் அவளைத் தள்ளாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு சட்டப்படிப்பு. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். சம்பளம், பதவி உயர்வு போன்ற பணிச் சட்ட வழக்குகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பஞ்சமே கிடையாது.